ஜப்பானுக்குப் போய் வந்த ஏரிக்கரைப் பிள்ளை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, வேலையெல்லாம் ஒழிந்தபின் நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், அந்தப் பொண்ணு எப்படி ஜப்பானுக்குப் போச்சு? எவ்வளவு செலவாச்சு? எங்க பிள்ளையும் போக முடியுமா?" தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அனுப்பம்பட்டில் இருக்கிறேன். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் மின்சார ரயில் ஒரு நிமிஷம் நின்று போகுமே, அந்த ஊர்தான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, 2018ல் ஓய்வு பெற்றேன். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில்தான். காலையில் ரயில், பொன்னேரியில் இறங்கி பஸ், மழைக்காலத்தில் அதற்குமேல் தோணி. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோணியில் ஏறின டீச்சர் என்று இன்றைக்கும் அந்தப் பக்கம் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அந்தப் பிள்ளை என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேர் வேண்டாம். "போடாதீங்க டீச்சர்" என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா ஏரியில் இறால் பிடிக்கிறவர். அம்மா பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கிறவர். ஒரு அண்ணன்.

2020ல் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு, ஆன்லைன் வகுப்பு என்றார்கள். வலைக்கென்று எடுத்து வைத்திருந்த காசில் அவள் அப்பா ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். சிக்னலுக்காக ஏரிக்கரைப் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்து படிப்பாள். வகுப்பு முடிந்ததும் அதே போனில் ஜப்பான் கார்ட்டூன். அதைப் பார்த்துப் பார்த்து, எழுத்தையும் யூடியூபிலேயே கற்றுக்கொண்டாள். ஊரடங்கு தளர்ந்ததும் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவள், என் பேத்தியின் சிலேட்டை எடுத்து ஐந்து எழுத்து எழுதினாள். "படிங்க டீச்சர்" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அவளே படித்தாள்: அ, இ, உ, எ, ஒ.

"இது நம்ம குறில்டீ!" என்றேன்.

அடுத்து மெய் வரிசையையும் சொன்னாள். க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நான் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதின வரிசை. நீங்களே எழுதிப் பாருங்கள். நம் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ வரிசையில் அவர்களுக்கு இல்லாத ங, ஞ, ட, ண, ல ஐந்தையும் அடித்துவிடுங்கள். மீதி க ச த ந ப ம ய ர வ. ப இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஹ நிற்கிறது. அந்த ஹ பழைய காலத்தில் ப ஆகத்தான் ஒலித்ததாம், பிறகு தேய்ந்ததாம். மாயம் ஒன்றும் இல்லை. புத்த மதத்தோடு சமஸ்கிருத எழுத்துப் படிப்பும் சீனா வழியாக ஜப்பானுக்குப் போனது. அதைக் கற்ற பிக்குகள் நம் நாட்டு அரிச்சுவடி முறையிலேயே தங்கள் எழுத்தையும் அடுக்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பிள்ளைகளை ஆங்கிலத்தை வைத்தே எடை போடுகிறோம். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இவள் ஆங்கிலத்தில் நாற்பது மார்க்கைத் தாண்ட மூச்சு வாங்குவாள். ஆனால் ஜப்பானிய வாக்கியம் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்கிறாள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. "வதாஷி வ சகானா ஓ தபேமாஸ்." வதாஷி நான், சகானா மீன், ஓ என்பது நம்முடைய ஐ உருபு, தபேமாஸ் சாப்பிடுகிறேன். நான் மீனைச் சாப்பிடுகிறேன். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். கேள்வியாக்க வேண்டுமா? கடைசியில் ஒரு "கா" போட்டால் போதும். நாம் "சாப்பிடுறீங்களா" என்று ஆ போடுகிற மாதிரி. ஆங்கிலத்தில் அவளை மூச்சுத் திணற வைத்தது வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்புகிற வேலைதான். இங்கே அந்த வேலையே கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தமிழ் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். அவர்களுக்குச் சுட்டு மூன்று. கொரே என்றால் என் பக்கம் இருப்பது, சொரே என்றால் உன் பக்கம் இருப்பது, அரே என்றால் இருவருக்கும் தள்ளி இருப்பது. கேள்விக்குத் தொரே. நம் பிள்ளைகளுக்கு இது, அது இரண்டுதான் தெரியும். ஆனால் இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று மனப்பாடம் செய்ய வைப்போமே! அந்த உ எங்கே போனது? யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே இன்றும் "உது" என்று பேசுகிறார்கள். இரட்டைக்கிளவியும் அவர்களிடம் கொட்டிக் கிடக்கிறது. நமக்குப் பளபள, அவர்களுக்குக் கிரகிர.

இதைச் சொன்னதும் "ஜப்பானிய மொழியே தமிழிலிருந்துதான் வந்தது" என்று கருத்துப் பெட்டியில் கிளம்புவீர்கள், தெரியும். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் அந்தத் தொடர்பை நிறுவப் பல வருஷம் உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி அம்மையாரும் அவரோடு வேலை செய்தார்கள். அவர் 2008ல் காலமானார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. "கேட்கப் பெருமையா இருக்கு, ஆனா பரீட்சையில எழுதிடாதே" என்றுதான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் ஒரே போக்கில் ஓடுகிறது. படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

மொழி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டதும், எழுத்து வந்து தலையில் அடித்தது. அ இ உ என்று எழுதுகிற எழுத்து இரண்டு தினுசு. அதற்குமேல் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வைத்திருக்கிற பட்டியலிலேயே 2136. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 80 எழுத்து, இரண்டாம் வகுப்பில் இன்னும் 160, ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1026. நம் 247க்கே பெற்றோர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்!

எனக்குச் சீனம்தான் முதல் ஆசை. சிரிக்காதீர்கள். பதினைந்து, பதினாறு வயசில் அப்பாவின் டிரான்சிஸ்டரில் ராத்திரி சிற்றலையைத் திருகினால் பீக்கிங் வானொலியின் தமிழ் வரும். அந்தத் தமிழ்ப் பிரிவு 1963ல் தொடங்கியது. பேசுகிறவர்கள் சீனாக்காரர்கள். பள்ளிப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருத்தமான தமிழ். பிற்காலத்தில் கலையரசி, கலைமகள் என்று தமிழ்ப் பேர் வைத்துக்கொண்ட சீனப் பெண்கள் அந்தப் பிரிவை நடத்தினார்கள். கடிதம் போட்டால் பதில் வரும், கூடவே படம் போட்ட அட்டையும் வரும். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சீனத்துப் பெண் தமிழ் படிக்கிறாளே, தமிழ்ப் பெண் சீனம் படித்தால் என்ன என்று தோன்றும். சாந்திநிகேதனில் 1937லிருந்தே சீன பவனம் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்பா அனுப்பியிருக்க மாட்டார். நான் கேட்கவும் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை விஷயத்தில் சீனம் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. காலம் அப்படி. 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஊர் திரும்பிய நம் மாணவர்கள், பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள், 2022 ஆகஸ்டு வரைக்கும் விசா கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து கணினியில் படித்தார்கள். எல்லைத் தகராறு வேறு. அந்தக் கதையைக் கேட்ட தாய் தகப்பனிடம் போய் எப்படிப் பேசுவது?

இனி முட்டாள்தனம்.

2022ல் அவள் பிளஸ் டூ எழுதி முடித்த சமயம். சென்னையில் ஒரு ஏஜென்சி, "ஜப்பானில் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் போட்டிருந்தது. நான்தான் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏசி ரூம், கழுத்துப்பட்டை கட்டிய பையன், சுவரில் ஃபூஜி மலை. அங்கே ஒரு மொழிப் பள்ளியில் சேர்ப்பார்களாம். ஆறு லட்சம் கட்டினால் போதுமாம், பகுதி நேர வேலை பார்த்தே அதை எடுத்துவிடலாமாம். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இருபத்தைந்தாயிரம் முன்பணம். அதில் பத்தாயிரம் நண்டு விற்ற சுருக்குப்பைக் காசு. மீதி நான் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரித்தேன். விசாரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மாணவர் விசாவில் போகிறவர்கள் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போய், பள்ளிக் கட்டணமும் கட்டி, கடனையும் அடைப்பது நடக்கிற காரியமா? ஒன்றிரண்டு வருஷம் மொழி மட்டும் படித்துவிட்டு வந்தால் கையில் பட்டமும் இருக்காது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்தில் "திருப்பித் தரப்படாது" என்று இருந்ததைக் காட்டினார்கள். நான் வாசிக்காமல் வாங்கி மடித்து வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு வினாத்தாளை இரண்டு தடவை படி என்று சொல்லிக்கொடுத்த டீச்சர்!

மொழிப் பள்ளிகள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. வசதி இருக்கிறவர்களுக்கு அதுவும் ஒரு வழி. படகை அடமானம் வைத்துப் போகிற வழி இல்லை அது.

சரியான வழியைக் காட்டியது சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிற ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் விசாரிக்கப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா. தோசோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம். ஜப்பானில் பயிற்சி எடுத்துத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்துவது. அந்த அம்மா சொன்னார்: "படிக்கிற பிள்ளைன்னா ஏன் காசு கட்டி அனுப்பணும்? ஜப்பானிய மொழியவே பட்டப்படிப்பா எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்த நாட்டு அரசாங்கமே ஒரு வருஷம் கூப்பிடும்."

தேனாம்பேட்டை செனடாப் சாலையில் ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் இணையப் பக்கத்தைத் துருவினேன். உண்மைதான். ஜப்பான் கல்வி அமைச்சகம் கொடுக்கிற உதவித்தொகைகளில் "ஜப்பானியவியல் மாணவர்" என்று ஒன்று இருக்கிறது. தன் நாட்டுக் கல்லூரியில் ஜப்பானிய மொழி அல்லது பண்பாட்டை முதன்மைப் பாடமாக எடுத்து இளநிலை படிக்கிற மாணவருக்கு, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் படிப்பு. கல்விக் கட்டணம் கிடையாது. போக வர விமானச் சீட்டு அவர்களே கொடுக்கிறார்கள். மாதச் செலவுக்கு 1,17,000 யென் அளவில் கையில் தருகிறார்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம் உண்டு.

எங்கே சிக்கல் என்றால், "முதன்மைப் பாடமாக எடுத்து" என்ற இடத்தில். நம் பக்கத்துக் கல்லூரிகளில் தேடினேன். கிடைத்ததெல்லாம் சான்றிதழ் வகுப்புகள்தான். பட்டப்படிப்பாக வேண்டுமென்றால் டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத் இஃப்லூ, சாந்திநிகேதன் என்று வெளியூர்தான். ஜே.என்.யூ.வில் ஜப்பானியம், சீனம், கொரிய மொழி இளநிலைக்கு அந்த மொழி முன்னமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. அ, இ, உ-விலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்த வருஷம்தான் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியது. அந்தத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று. இது எத்தனை தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தெரியும்? இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் நம் பிள்ளைக்குத் தூரமில்லை. பொன்னேரியிலிருந்து டெல்லிதான் தூரமாக இருந்தது.

இடம் கிடைத்தது. அவள் அப்பாவிடம் யார் சொல்வது? நான்தான் போனேன். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஏற்கெனவே ஒரு தபா கூட்டிகினு போயி துட்டு போச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

"போச்சுதான். அது என் தப்பு. இது அப்படி இல்ல. அரசாங்கக் காலேஜு, ஃபீஸ் கம்மி, ஹாஸ்டல் உண்டு."

"டில்லிக்கு அனுப்பு, அப்புறம் ஜப்பானுக்கு அனுப்புன்னு சொல்றீங்கோ. பொண்ணு திரும்பி வருமா?"

அவர் கவலை பணமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் விதிமுறையைத் தேடி எடுத்து, தமிழில் படித்துக் காட்டினேன். போகும்போது எந்தக் கல்லூரியில் படிக்கிறாளோ, திரும்பி வந்து அதே கல்லூரியில் படிப்பைத் தொடர வேண்டும். அப்படி இருக்கிறவருக்குத்தான் இந்த உதவித்தொகை. "அவங்களே திருப்பி அனுப்பிடுவாங்க அண்ணே. வந்தே தீரணும்."

கொஞ்ச நேரம் வலையிலிருந்து பாசியை உதறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பையனுக்குன்னா பாட்டுல பேர் வரும். நாளைக்கு சீட்டுல அவனுக்கு ஒரு எடம் வுழும். இதுக்கு ஏரியில இன்னா கீது? போவட்டும்."

பாடு என்றால் என்னவென்று வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் ஏரியில் இறால் பிடிக்கிற இடங்களை மீனவ ஊர்கள் தங்களுக்குள் பங்கு வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது சீட்டுப் போட்டு, முறை வைத்து நடக்கும். நல்ல இடம் ஒருவனுக்கே போகாமல் சுற்றி வரும். தகராறு வந்தால் ஊரே தீர்க்கும். எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டில் ஆண்கள் பேர்தான். இத்தனை வருஷம் அந்த ஊர்களில் வேலை பார்த்தும் நான் இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அவர் வாயால் கேட்டபோதுதான் சுருக்கென்றது.

டெல்லி வருஷங்களை வேகமாகத் தாண்டுகிறேன். குளிர், சப்பாத்தி, இந்தி, அழுகை, இரண்டு தடவை "வந்துடறேன் டீச்சர்". மூன்றாவது தடவை சொல்லவில்லை. தூதரகத் தேர்வு எழுதினாள். 2024 அக்டோபரில் ஹிரோஷிமா மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

போவதற்கு முன் ஊருக்கு வந்தபோது அம்மா கருவாடு கட்டிக் கொடுக்கப் பார்த்தார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று பிடுங்கி வைத்தோம். போன இரண்டாம் நாள் அவளிடமிருந்து படம் வருகிறது. கடையில் பொட்டலம் பொட்டலமாக நெத்திலிக் கருவாடு மாதிரி. நிபோஷி என்று பேராம். அதை வேகவைத்த தண்ணீரில்தான் சூப்பு வைக்கிறார்கள். நம் மாசிக் கருவாடு போலவே கட்டையாகக் காய்ந்த மீனும் இருக்கிறது, அதைச் சீவிச் சீவிப் போடுகிறார்கள். அவள் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. கருவாடு தின்கிற ஊர் என்றால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

அங்கே நூலகத்தில் ஒரு நாள், பழைய துணி மாதிரிகள் இருந்த புத்தகத்தில் கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பேர் சந்தோமே. எங்கேயோ கேட்ட பேராக இருக்கிறதே என்று படித்தால், நம் சாந்தோம்! சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிக்கு மயிலாப்பூர் சாந்தோமின் பேரையே வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1609ல், ஜப்பானில் ஹிராதோவில் கடை திறந்தவர்களும் அதே கம்பெனிதான். நம் கரைத் துணி அங்கே போனது, அங்கத்திய செம்பு இங்கே வந்தது. டச்சுக் கல்லறை வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எத்தனை தடவை சுற்றுலா நடத்தியிருக்கிறேன்! இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். கூட வந்த மற்ற நாட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன், கோயில், தேநீர் என்று தலைப்பு எடுத்தார்களாம். இவளும் முதலில் கார்ட்டூன்தான் எடுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரம் போயிருக்கிறாள். ஹிரோஷிமா சிப்பிக்குப் பேர் போன இடம். மூங்கில் தெப்பங்கள் கடல் முழுக்க மிதக்கின்றன, அதிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு சிப்பி வளர்க்கிறார்கள். "இந்தத் தெப்பம் யாருது, அந்தத் தெப்பம் யாருது, இடத்தை யார் பிரிக்கிறாங்க?" என்று அங்கிருந்த கிழவரிடம் கேட்டாளாம். கிழவர் சங்கம் என்றாராம். விசாரித்தால், கரையோரக் கடலில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் தனி முதலாளிக்கு இல்லை. 1949 மீன்வளச் சட்டப்படி அந்தந்தக் கரை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது. யார் எங்கே, எப்போது, எந்த வலை என்பதைச் சங்கம் பேசி முடிவு பண்ணுகிறது.

ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குப் போன். அங்கே நடுராத்திரி தாண்டி இரண்டு மணி. "டீச்சர், இங்கயும் பாடு இருக்கு!"

தலைப்பை மாற்றிக்கொண்டாள். பழவேற்காட்டுப் பாடும் ஹிரோஷிமா சங்கமும். அவள் ஆசிரியருக்குப் பாடு என்றால் என்னவென்று விளக்கவே மூன்று வாரம் பிடித்ததாம். "எங்க அப்பாகிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லுவாரு, அத ஜப்பானிய மொழியில சொல்றதுக்குள்ள உயிரு போவுது" என்றாள். அவள் அப்பாவிடம் போனிலேயே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு கரைக்குப் போகும்போதே "இன்னிக்கு இன்னா கேக்கப் போவுதோ" என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் திரும்பினாள். டெல்லிக்குப் போகும் முன் ஒரு வாரம் ஊரில் இருந்தாள். அந்தப் படத்தைத்தான் போன மாதம் போட்டிருந்தேன். "இப்ப என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டவர்களுக்கு: இன்னும் படிப்பு மீதி இருக்கிறது. முடித்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் தடா ஸ்ரீசிட்டியிலேயே இசுசு, டைகின், கோபெல்கோ என்று ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் தேவைப்படும். அவளுக்கு மேலே படிக்க ஆசை. பார்ப்போம்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, நோட்டில் படம் போட்டு, ஹிரோஷிமா சங்கம் எப்படி நடக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்துவாரம் மணல் மூடிப் போகிற கவலை, சாம்பல் கழிவுக் கவலை எல்லாம் அவருக்கு. அங்கே சங்கத்தோடு பேசாமல் கரையில் எதையும் கட்டிவிட முடியாது என்று அவள் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவள் அம்மாதான், அடுப்படியிலிருந்தே கேட்டார்: "அங்க பொம்பளைங்களுக்கு சீட்டு உண்டாடீ?"

"சட்டத்துல ஆம்பளைன்னு எழுதல மா. வருஷத்துல இத்தினி நாளு கடல்ல வேலை செஞ்சா உறுப்பினர் ஆவலாம். ஆனா பேரு பதிஞ்சிருக்கிறது அங்கயும் ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு பிரிவு வச்சிகிறாங்க."

"ஓகோ," என்றார் அம்மா. அடுப்பை ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா நோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே எல்லாம் ஜப்பானிய எழுத்து. "இதெல்லாம் யாருக்குப் புரியும்? தமிழ்ல எழுதிக் குடு. ஊர்க் கூட்டத்துல படிக்கணும்."

"எது வரிக்கும் நைனா?"

"எல்லாம்தான். உங்கம்மா கேட்டதயும் சேத்து."

எழுதி அனுப்பியிருக்கிறாள். பதினான்கு பக்கம். ஹாஸ்டலில் உட்கார்ந்து ராத்திரி எழுதியது போல, கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது. "பிழை பாத்துக் குடுங்க சென்செய்" என்று மேலே ஒரு துண்டுச் சீட்டு. சென்செய் என்றால் டீச்சர். ஒற்றும் சந்தியும் அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தகராறு, இன்னும் தீரவில்லை. ர, ற இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறாள். மூன்று பக்கம் திருத்தி முடித்திருக்கிறேன். கூட்டம் வருகிற அமாவாசைக்கு. சிவப்பு மை தீர்ந்துபோய்விட்டது, மீஞ்சூர் போய் வாங்கி வர வேண்டும்.